கொயோட்டியையும் நரியையும் குரல் கொடுத்து வரவழைத்தல்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், எட்வர்ட்ஸ் பீடபூமி எனப்படும் சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தில், செம்மறியும் வெள்ளாடும் மேயும் தனியார் பண்ணைகளில் இரையின் அலறலைப் போலவோ கொயோட்டியின் ஊளையைப் போலவோ ஓசை எழுப்பி, கொயோட்டியையும் சாம்பல் நரியையும் வரவழைத்து வேட்டையாடத் தொடங்குவோருக்காக இதை எழுதுகிறேன். கொயோட்டி, ஓநாயை விடச் சிறியது; நம்மூர்க் குள்ளநரியை விடச் சற்றுப் பெரியது; பெரும்பாலும் 9 முதல் 16 கிலோ வரை எடையிருக்கும். சாம்பல் நரி 3 முதல் 5 கிலோதான். ஆனால் மரமேறத் தெரிந்தது.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த ஓசையை எழுப்ப வேண்டும் என்பதையே. இந்த வழிகாட்டியில் ஓசை எழுப்புவது எட்டாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஏழு படிகளில் ஒன்று பிசகினாலும், ஓசை எவ்வளவு அருமையாக இருந்தாலும், விலங்கு வந்ததும் தெரியாது, திரும்பிப் போனதும் தெரியாது.

1. உரிமமும் அனுமதியும்

டெக்சாஸில் கொயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. அதனால் உரிமமே வேண்டாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் பொதுவாக வேட்டை உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். நரி அங்கே மென்மயிர் விலங்குகளின் பட்டியலில் இருப்பதால், தோலை விற்க நினைப்பவர் அதற்குரிய ட்ராப்பர் (பொறி வைத்துப் பிடிப்பவர்) உரிமத்தைத் தனியாகப் பெற வேண்டும். பொதுச் சாலையிலிருந்தோ அதன் ஓரத்திலிருந்தோ வேட்டையாடுவது குற்றம்.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படிக்க வேண்டும். அத்தகைய விசாவில் உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. ஆகவே நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கிக் குறிபார்த்துப் பழகிவிட்டு, உரிமத்தைப் பிறகு வாங்கலாம் என்ற வரிசை தவறானது. டெக்சாஸ் உரிமம் பெரும்பாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிறது என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை.

நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். பெறும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆடுகள் இப்போது எந்த மேய்ச்சல் பிரிவில் இருக்கின்றன, காவல் நாய்கள் எங்கே திரிகின்றன, வேறு யாருக்காவது இன்று அனுமதி கொடுத்திருக்கிறாரா. இப்பண்ணைகளில் ஆட்டு மந்தையோடு வளரும் கிரேட் பைரனீஸ் இனத்துப் பெரிய வெள்ளை நாய்கள் முயலின் அலறலைக் கேட்டால் ஓடி வந்துவிடும். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஊதலை வாயில் வைக்கக் கூடாது.

மற்ற மாநிலங்களில் விதிகள் வெகுவாக மாறுபடும். சில இடங்களில், பதிவுசெய்த விலங்கொலிகளை எழுப்பும் மின்னணு அழைப்பானுக்கும் இரவு விளக்குக்கும் தடை உண்டு. ஆண்டுதோறும் வெளியாகும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே செல்ல வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி, குள்ளநரி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம் என்பதால், இங்கே சொல்லும் எதையும் அங்கே செய்து பார்க்கக் கூடாது.

2. கையில் இருக்க வேண்டியவை

பட்டியல் சிறியது. வாயால் ஊதும் ஊதல் இரண்டு, தரையில் விரிக்கத் தடிமனான மெத்தைத் துண்டு, முகத்தையும் கையையும் மறைக்கும் துணி, துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியோ கவைக்கோலோ, காற்றைப் பார்க்கப் பஞ்சு, ரப்பர் கையுறை, தண்ணீர், நடக்கும்போது அணிய ஆரஞ்சு நிறத் தொப்பி.

மெத்தைத் துண்டைப் பலர் சொகுசு என்று நினைத்து விட்டுவிட்டு வருகிறார்கள். சப்பாத்திக் கள்ளி முள்ளும் கூரான சுண்ணாம்புக் கல்லும் நிறைந்த தரையில், அது இல்லாமல் யாராலும் 20 நிமிடம் அசையாமல் இருக்க முடியாது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, திறந்த வெளிக்கு .223 அல்லது .243 குழலளவு ரைபிளும், ஜூனிப்பர் எனும் ஊசியிலைச் செடி அடர்ந்த புதருக்குப் பன்னிரண்டு கேஜ் குழலளவுச் சிறுகுண்டுத் துப்பாக்கியும் போதும். சிறுகுண்டுக்கு 35 மீட்டர்தான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எல்லையை மீறுபவர்களே காயம்பட்ட விலங்கைத் தேடிப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

3. ஊதலில் பழகுதல்

இது வீட்டிலிருந்து செய்ய வேண்டிய வேலை; வீட்டில் உள்ளவர்களின் பொறுமையைக் கருதி, காருக்குள் செய்வது இன்னும் நல்லது. களத்திற்கு வந்து முதன்முறையாக ஊதிப் பார்ப்பவர், அந்தப் பண்ணையின் கொயோட்டிகள் அனைத்திற்கும் தம் வருகையை அறிவித்துவிட்டுத்தான் திரும்புவார்.

ஊதல்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்றில், நாதஸ்வரத்துச் சீவாளி போன்ற அதிரும் தகடு குழலுக்குள் மறைந்திருக்கும். இதை மூடிய ஊதல் என்போம். மற்றொன்றில் தகடு வெளியே தெரியும். அதைப் பல்லாலும் உதட்டாலும் அழுத்தி ஊத வேண்டும். இது திறந்த ஊதல். மூடிய ஊதலைக் கற்க அரை மணி நேரம் போதும், ஆனால் சுருதி மாறாது. கடுங்குளிரில் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து தகடு ஒட்டிக்கொள்ளும். எனவே அதைச் சட்டையின் உட்பையில், உடல் சூட்டில் வைத்திருக்க வேண்டும். திறந்த ஊதலைக் கற்கச் சில வாரங்கள் ஆகும். ஆனால் எலியின் கீச்சொலி முதல் கொயோட்டியின் ஊளை வரை ஒரே தகட்டில் வரும். தகட்டின் நுனியருகே பல்லை வைத்தால் குரல் மெலிந்து உயரும். பல்லை உள்நோக்கி நகர்த்த நகர்த்த அதிரும் பகுதி நீண்டு குரல் தடித்துத் தாழும்.

மூடிய ஊதலில் முயலின் அலறலை எழுப்ப, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து ‘வா, வா’ என்று குழலுக்குள் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் இதைப் பொருளில்லாத ஓர் அசையாகக் கற்றுக்கொள்கிறார்கள். நாம் விலங்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியதையே சொல்கிறோம். ஒவ்வொரு ‘வா’வும் ஓங்கித் தொடங்கித் தேய்ந்து முடிய வேண்டும். ஏழெட்டுக்குப் பிறகு மூச்சு வாங்குவது போன்ற இடைவெளி விட வேண்டும். குழலின் வாயைக் கையால் மூடித் திறந்து, குரல் அடங்கி மீண்டும் எழுவதாகக் காட்ட வேண்டும்.

இங்கே வரும் பெரும் பிழை ஒழுங்கு. ஒரே நீளம், ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று பள்ளிக்கூட மணியைப் போல ஊதுகிறார்கள். பிடிபட்ட முயல் அப்படிக் கத்தாது. திணறும், உடையும், திடீரென்று உச்சத்துக்குப் போய் நின்றுவிடும். அழகாக ஊத முயல்பவரை விடப் பதற்றத்தோடு ஊதுபவருக்கே விலங்கு வருகிறது. சிறிய பஞ்சுவால் முயலுக்குக் குரல் மெலிந்து உயர்ந்திருக்கும். நீண்ட காதுகளுள்ள ஜாக்ராபிட்டுக்குக் கரகரத்துத் தாழ்ந்திருக்கும். இரண்டையும் பிரித்து ஊதத் தெரிந்தால் போதும்.

எந்தக் கருவியும் இல்லாத மூன்றாவது முறை, புறங்கையில் உதட்டைக் குவித்து உறிஞ்சி எழுப்பும் எலிக் கீச்சு. இதை அவசியம் பழகிக்கொள்ளுங்கள். விலங்கு 50 மீட்டரில் தயங்கி நிற்கும்போது வேறு எந்த ஓசையும் இதற்கு ஈடாகாது.

ஊளையில் ஒன்றே ஒன்றைக் கற்றால் போதும்: தனித்த கொயோட்டியின் ஊளை. தாழ்வாகத் தொடங்கி, எழும்பி, மூன்று நான்கு விநாடி நின்று, இறங்க வேண்டும். தொடக்கத்தில் குரைப்பு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரைப்போடு தொடங்கும் ஊளை சண்டைக்கு அழைப்பது. வலிய ஆண் வேண்டுமானால் வரும், இளம் விலங்குகள் விலகிவிடும். மூச்சை வெடிப்பாக விடும் பழக்கத்தால் புதியவர்கள் தமக்குத் தெரியாமலே குரைத்துவிடுகிறார்கள்.

மின்னணு அழைப்பான் டெக்சாஸில் கொயோட்டிக்கு அனுமதிக்கப்பட்டது. அதன் உண்மையான பயன், ஓசை உங்களிடமிருந்து விலகிய ஓரிடத்தில் எழுவதுதான். விலங்கின் கண் அங்கே போகும். நூற்றுக்கணக்கான ஓசைகள் அதில் இருப்பது பயன் அன்று, பொறி. நிமிடத்துக்கு ஒரு விலங்கின் குரல் கேட்கும் புதர் எந்த நாட்டிலும் இல்லை.

4. முந்தைய நாள் பார்க்க வேண்டியவை

விலங்கு இல்லாத இடத்தில் அழைத்துப் பயனில்லை. பண்ணைப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கொயோட்டி தன் எல்லையை அங்கேதான் அறிவிக்கும். முடியும் எலும்புத் துணுக்கும் கலந்திருந்தால் கொயோட்டி. விரல் பருமனில் சிறியதாக, ஜூனிப்பர்ப் பழ விதைகள் நிறைந்து பாறை மேல் கிடந்தால் பெரும்பாலும் சாம்பல் நரி. கொயோட்டியின் கால்தடம் நீள்வட்டமாக, சுமார் 6 சென்டிமீட்டர் நீளத்தில், விரல்கள் ஒடுங்கி இருக்கும். நாயின் தடம் விரிந்து அகன்றிருக்கும். தடங்களின் வரிசையும் அலைந்து செல்லும். கொயோட்டி ஒரு வேலையாகப் போகிறவனைப் போல நேர்க்கோட்டில் போகும்.

அந்தி சாய்ந்ததும் மேட்டில் நின்று ஓர் ஊளை விட்டுக் காத்திருங்கள். பதில் வந்தால் திசையைக் குறித்துக்கொண்டு பேசாமல் திரும்புங்கள். அந்த இரவே அழைத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். கூட்டமாக வரும் பதிலைக் கேட்டு எண்ணிக்கையை மதிப்பிடாதீர்கள். இரண்டு கொயோட்டிகள் குரலை மாற்றி மாற்றி எழுப்பி எட்டு போலக் கேட்கச் செய்யும்.

5. காற்று

மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

அலறலைக் கேட்ட கொயோட்டி நேராக ஓடி வருவது குறைவு. அது ஓசை எழுந்த இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தோடு அறிந்துகொள்ளும்; பிறகு சுற்றி வளைத்து, காற்று போகும் பக்கத்துக்குச் சென்று, அங்கிருந்து மோப்பம் பிடித்து, கேட்டது உண்மைதானா என்று மூக்கால் சரிபார்க்கும். உங்கள் வாசனை அங்கே சென்று சேர்ந்திருந்தால் கதை முடிந்தது. அது குரைக்காது, ஓடுவதையும் காட்டாது. நின்ற இடத்திலிருந்தே மறைந்துவிடும். ‘இங்கே விலங்கே இல்லை’ என்று சொல்லிக்கொண்டு எழுபவர்களில் பாதிப் பேருக்குப் பின்னால், காற்று போகும் பக்கத்து ஈரமண்ணில் புதுத்தடத்தைக் காட்டியிருக்கிறேன்.

வாசனையைப் போக்கும் தெளிப்பான்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். செய்ய வேண்டியது வேறு: விலங்கு காற்று போகும் பக்கத்துக்கு வரத்தான் போகிறது என்று ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்கும் குறிக்கும் திறந்திருக்கும்படி அமர வேண்டும். காற்று முகத்தில் நேராக அடிக்கும்படி உட்காருவதே பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி உட்கார்ந்தால் விலங்கு சுற்றி வருவது உங்கள் முதுகுக்குப் பின்னால்தான். காற்று ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகும்படி குறுக்கே அமர்வதே சரி.

வலக்கைக்காரராக இருந்தால் காற்று வலப்புறமிருந்து வந்து இடப்புறம் போகட்டும். அமர்ந்த நிலையில் வலக்கைக்காரர் துப்பாக்கியை இடப்புறமாகத் திருப்புவது எளிது. வலப்புறமாகத் திருப்ப இடுப்பையே நகர்த்த வேண்டும். இடக்கைக்காரர் இதை மாற்றிக்கொள்ளட்டும். இருவராகச் சென்றால், ஊதுபவர் காற்று வரும் பக்கமும், சுடுபவர் காற்று போகும் பக்கத்தில் 30 மீட்டர் தள்ளியும், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி அமர வேண்டும். யாருடைய துப்பாக்கி எந்தக் கோணத்தைத் தாண்டக் கூடாது என்பதை உட்காரும் முன்பே கைகாட்டி முடிவுசெய்ய வேண்டும்.

காற்றைப் பார்க்கத் தூளை விட, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடியின் பஞ்சு மேலானது. தூள் இரண்டடியில் மறைந்துவிடும். பஞ்சு மிதந்து போவதை 50 மீட்டர் வரை கண்ணால் தொடரலாம், பள்ளத்தருகே காற்று எப்படிச் சுழல்கிறது என்பதும் தெரியும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் அதே சரிவில் மேலேறும். ஆறரை மணிக்குச் சரியாக இருந்த இடம் ஒன்பது மணிக்குக் காட்டிக்கொடுக்கும் இடமாகிவிடுவது இதனால்தான்.

காற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் வீட்டில் இருங்கள். அங்கே குளிர்காலத்தில் திடீரென்று இறங்கும் வடக்குக் காற்றுக்கு நம்முடைய ‘வாடை’ என்ற சொல் அப்படியே பொருந்தும். வாடை வீசி ஓய்ந்த மறுநாள், தரையில் உறைபனி வெளுத்திருக்கும் அமைதியான விடியலே என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது.

6. வண்டியிலிருந்து இருக்கை வரை

வண்டியை மேட்டுக்கு மறுபுறம், நீங்கள் அழைக்கப்போகும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் நிறுத்துங்கள். கதவை அறைந்து சாத்தாதீர்கள், மெல்ல அழுத்தி மூடுங்கள். நடக்கும்போது காற்றை எதிர்கொண்டு நடங்கள். அழைக்கப்போகும் நிலத்தின் குறுக்கே நடந்து வாசனையைப் பரப்பாதீர்கள். பேச்சு வேண்டாம், அமைதியான காலையில் மனிதக் குரல் நெடுந்தூரம் போகும். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவிட்டுச் செல்லுங்கள். இதில் தவறுபவருக்கு மறுமுறை அனுமதி கிடைப்பதில்லை.

குன்றின் உச்சியில் நின்று நிலத்தைப் பார்ப்பது பழக்கதோஷம். வானத்தின் முன் தெரியும் மனித உருவத்தை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கொயோட்டி கண்டுகொள்ளும். உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவின் ஓரமாகக் கடந்து செல்லுங்கள்.

7. அமரும் இடம்

புதருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். புதருக்கு முன்னால், அதன் நிழலில், முதுகைச் சாய்த்து அமருங்கள். பின்னால் ஒளிந்தவர் பார்ப்பதற்காகத் தலையை நீட்டுவார். அந்த அசைவுதான் காட்டிக்கொடுக்கும். முன்னால் இருப்பவரின் உருவம் புதரோடு கலந்துவிடுகிறது, பார்வையும் தடைபடுவதில்லை. டெக்சாஸில் எங்கும் இருக்கும் மெஸ்கீட் மரம் நம்மூர்ச் சீமைக் கருவேலத்தின் மிக நெருங்கிய உறவு. அதன் முள்ளை அறிந்தவர்களுக்கு, உட்காரும் முன் தரையைக் காலால் துழாவிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. வெயில் இளஞ்சூடாக இருக்கும் குளிர்கால நாளில் பாறை இடுக்கருகே அமராதீர்கள். ராட்டில் எனும் நச்சுப் பாம்பும் அதே வெயிலுக்காகத்தான் வெளியே வரும்.

காலையில் மேற்கு நோக்கியும் மாலையில் கிழக்கு நோக்கியும் அமர முடிந்தால், சூரியன் உங்கள் முதுகில் இருக்கும், விலங்கின் கண்ணில் அடிக்கும். காற்றும் சூரியனும் முரண்பட்டால் காற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

மின்னணு அழைப்பானை வைப்பதானால், காற்று வரும் பக்கம் 30 அல்லது 40 மீட்டர் தள்ளி வையுங்கள். அப்போது அதன் வாசனையைத் தேடி வளைத்து வரும் விலங்கு உங்களுக்கு நேர் எதிரே குறுக்காகப் போகும். கருவியின் அருகே நூலில் ஓர் இறகைக் கட்டித் தொங்கவிட்டால் கண்ணுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

துப்பாக்கியைக் கவைக்கோலில் ஏற்றி, எதிர்பார்க்கும் திசையில் வைத்த பிறகே அமர்வு தொடங்குகிறது. விலங்கு தெரிந்த பிறகு துப்பாக்கியைத் தூக்குபவர் அதன் வாலைத்தான் பார்ப்பார்.

8. ஓசையின் வரிசை

அமர்ந்ததும் மூன்று நிமிடம் எதையும் எழுப்பாமல் இருங்கள். நீங்கள் நடந்து வந்த சலசலப்பு அடங்கி, பறவைகள் மீண்டும் பேசத் தொடங்க வேண்டும்.

நரி, கொயோட்டி இரண்டும் இருக்கும் நிலத்தில், சிறிய ஓசையிலிருந்து பெரிய ஓசைக்கும், இரையின் குரலிலிருந்து கொயோட்டியின் குரலுக்கும் செல்ல வேண்டும். காரணம் எளியது: கொயோட்டி நரியைக் கொல்லும். முதலிலேயே ஊளையிட்டால் அங்கிருக்கும் நரிகள் ஒதுங்கிவிடும்.

முதலில் புறங்கை எலிக் கீச்சு, அரை நிமிடம். 60 மீட்டரில் நரி படுத்திருந்தால் அது போதும்; அங்கே ஓங்கி ஊதினால் அது மிரண்டு ஓடிவிடும். பிறகு பஞ்சுவால் முயலின் குரல், தாழ்ந்த அளவில் 40 விநாடி. பின்பு ஒரு நிமிட அமைதி. அடுத்த முறை சற்று ஓங்கி. இப்படிப் பத்து நிமிடம் வரை. சாம்பல் நரி வருவதானால் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்துக்குள், சில நேரம் உங்கள் காலருகே வரை, ஓடியே வந்துவிடும்.

பத்தாம் நிமிடத்தில் ஜாக்ராபிட்டின் கரகரத்த குரலுக்கு மாறுங்கள். இப்போது முழு அளவில், தலையைத் திருப்பாமல் குழலை மட்டும் இருபுறமும் திருப்பி ஊதுங்கள். பதிமூன்றாம் நிமிடத்தில் ஒரு தனி ஊளை, சிறு இடைவெளி, மற்றொரு ஊளை. இரண்டு மூன்று நிமிட முழு அமைதி. கடைசியாகக் கொயோட்டிக் குட்டி அடிபட்டுக் கத்துவது போன்ற வீல்வீலென்ற அலறல் அரை நிமிடம். இது பசியைத் தொடும் ஓசையன்று. தன் இனத்துக் குட்டிக்கு என்ன ஆயிற்று என்ற பதைப்பைத் தொடும் ஓசை. அதுவரை அசையாத கொயோட்டி இதற்கு எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபதாம் நிமிடம் வரை காத்திருந்துவிட்டு எழுங்கள்.

கொயோட்டி மட்டுமே குறி என்றால், தனி ஊளையோடு தொடங்கி, மூன்று நிமிடம் விட்டு, முயலுக்குப் போகலாம். வேறொரு கொயோட்டி தன் எல்லைக்குள் வந்து இரை பிடித்துவிட்டது என்ற கதையை இந்த வரிசை சொல்கிறது.

ஊதும் நேரத்தை விட ஊதாத நேரம் அதிகமாக இருக்கட்டும். அமைதியில்தான் ஜே பறவையின் திட்டலும், சரளையில் கால் படும் ஓசையும் கேட்கும். மேயும் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை திருப்பினால் அந்தப் பக்கம் ஏதோ வருகிறது என்று அறியலாம்.

பருவத்துக்கேற்ப இந்த வரிசை மாறும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அவ்வாண்டு பிறந்த இளம் கொயோட்டிகள் தாயைப் பிரிந்து திரியும். முயல் ஓசையே போதும், புதியவர்கள் தொடங்க இதுவே காலம். டிசம்பரில் பலரும் அதே முயலை ஊதிச் சலிக்க வைத்திருப்பார்கள். அப்போது மரங்கொத்தி போன்ற பறவையின் துடிப்போசைக்கு மாறுங்கள். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் இணைசேரும் காலம். ஊளை மட்டுமே போதும், முயலே தேவைப்படாது. ஏறத்தாழ 63 நாள் கருவைச் சுமந்து, ஏப்ரலிலும் மே மாதத்திலும் குட்டிகள் பிறக்கும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான் அழைப்பதில்லை. ஆட்டுக்குட்டிகளை இழந்துகொண்டிருக்கும் பண்ணையாளர் கேட்டுக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. தாயைக் கொன்றால் வளையில் குட்டிகள் பட்டினியால் சாகும். இதில் மற்ற வேட்டைக்காரர்கள் என்னோடு உடன்படாமல் இருக்கலாம்.

9. விலங்கு தெரிந்த பின்

ஓடி வரும் விலங்கைக் கண்டதும் ஊதுவதை நிறுத்துங்கள். வந்துகொண்டிருப்பதை மீண்டும் அழைத்தால், ஓசையின் இடத்தை இன்னும் துல்லியமாக அறிந்து உங்களையே உற்றுப் பார்க்கும். அது தயங்கி நின்றாலோ திரும்பினாலோ மட்டும் எலிக் கீச்சு ஒன்று. அதன் தலை புதருக்குப் பின் மறையும்போது மட்டுமே நீங்கள் அசைய வேண்டும். கண் தெரிந்தால் உங்களையும் அதற்குத் தெரியும். சுடும் தொலைவுக்குள் நடந்துகொண்டிருந்தால், வாயாலேயே ‘வுப்’ என்று மெல்லக் குரைத்தால் ஒரு கணம் நிற்கும். ஓடும் விலங்கைச் சுடாதீர்கள்.

10. சுடும் முன்னும் பின்னும்

ஓசையை நோக்கியோ அசையும் புதரை நோக்கியோ ஒருபோதும் சுடக் கூடாது. நீங்கள் எழுப்புவது இரையின் ஓசை. அதைக் கேட்டு வருவது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். அப்படி ஒருவரைக் கண்டால் கையசைக்காமல், உரத்த மனிதக் குரலில் பேசுங்கள். அமர்வுகளுக்கு இடையே நடக்கும்போது ஆரஞ்சுத் தொப்பி தலையில் இருக்க வேண்டும். கொயோட்டியின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளுமே நன்றாகப் பிரியும் என்பதால் அந்த நிறம் உங்களைப் பெரிதாகக் காட்டிக்கொடுக்காது.

அடையாளம் உறுதியாக வேண்டும். டெக்சாஸில் பெரும் அபாயம் நாய்கள்தான். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1998 முதல் மீண்டும் காட்டில் விடப்பட்ட மெக்சிகோ ஓநாய்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. வட கரோலினாவின் கிழக்குக் கரையில் செந்நிற ஓநாய்கள் உள்ளன. இளம் ஓநாயைக் கொயோட்டி என்று எண்ணிச் சுட்டுவிடக் கூடாது. அகன்ற முகவாய், வட்டமான சிறு காது, நீண்ட கால்கள் ஆகியவை ஓநாய்க்கு உரியவை. கூம்பிய முகவாயும் உயர்ந்த கூர்காதும் கொயோட்டிக்கு உரியவை.

சுட்டதும் எழுந்து ஓடாதீர்கள். உடனே குட்டியின் அலறலை எழுப்பி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். கொயோட்டிகள் பல நேரம் இணையாக வரும். விழுந்த இடத்தை ஒரு மரத்தோடு சேர்த்து மனத்தில் குறித்துவிட்டுப் போங்கள். ஒரே மாதிரி புதர்கள் உள்ள நிலத்தில் 150 மீட்டர் நடந்த பின் அந்த இடம் அடையாளம் தெரியாது.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மேற்கு மத்திய டெக்சாஸின் சாம்பல் நரிகளிடமும் தெற்கு டெக்சாஸின் கொயோட்டிகளிடமும் வெறிநாய்க்கடி நோய் பரவியதால், 1995 முதல் அம்மாநிலம் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து கலந்த இரையைத் தூவி வருகிறது. நோய் வெகுவாக அடங்கிவிட்டாலும், எச்சிலையும் மூளைத் தண்டையும் வெறுங்கையால் தொடும் துணிச்சலுக்கு அது காரணமாகாது. பகலில் அச்சமின்றித் தள்ளாடி வரும் நரியைத் தொடாமல் மாநில அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள். உயிரோடு பிடிபட்ட கொயோட்டியையோ நரியையோ வண்டியில் ஏற்றிச் செல்வதும் அங்கே தடைசெய்யப்பட்டது.

11. எழுவதும் அடுத்த இடமும்

எழும் முன் தலையை மட்டும் மெல்லத் திருப்பி, முழுச் சுற்றும் பாருங்கள். காத்திருந்து சலித்தவர் சட்டென்று எழுந்து சோம்பல் முறிக்கும்போது, 40 மீட்டரில் உட்கார்ந்திருந்த கொயோட்டி எழுந்து ஓடுவது ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

அடுத்த அமர்வு, புதர் அடர்ந்த நிலத்தில் அரை கிலோமீட்டரும் திறந்த வெளியில் ஒன்றரைக் கிலோமீட்டரும் தள்ளி இருக்கட்டும்; அதற்குள் அமர்ந்தால் முதல் ஓசையைக் கேட்டுவிட்டு வராத விலங்குக்கே மீண்டும் ஊதுகிறீர்கள். ஒரே இடத்துக்கு ஒரு மாதத்துக்குள் திரும்பாதீர்கள். திரும்பினால் ஓசையை மாற்றுங்கள். ஏமாந்து தப்பிய கொயோட்டி அந்த ஓசையை மறப்பதில்லை. ஒரு காலைக்கு நான்கு அமர்வு போதும், அவற்றுள் மூன்றில் எதுவும் வராமல் போவது வழக்கமே.

12. குறிப்பேடு

ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நாள், நேரம், காற்றின் திசை, அமர்ந்த இடம், வண்டி நின்ற இடம், ஓசை, எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து எது வந்தது. வராத அமர்வுகளையும் விடாமல் எழுத வேண்டும். என் குறிப்பேட்டில் ‘எதுவும் இல்லை’ என்று முடியும் வரிகளே அதிகம். மூன்று குளிர்காலங்களின் வரிகளை ஒருநாள் அடுக்கிப் பார்த்தபோது, வெறுமையாய்ப் போன காலைகளில் பெரும்பாலானவை, நடக்கச் சோம்பி வண்டியை வேலிக் கதவருகிலேயே நிறுத்திவிட்ட காலைகள் என்று தெரிந்தது.